கரண்ட் பில்லை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது?

வேலையும் வீடும்: வாசகர் கேள்வி - பதில்

'மாலை ஆறு மணிக்கு மேல் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது, எழுதுங்கள்' என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களை மேசையில் பரப்பி மூன்று நாள் படித்தேன். 'எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன்' என்றுதான் பல கடிதங்கள் தொடங்குகின்றன. நான் குரோம்பேட்டையிலிருந்து கடற்கரை நிலையத்துக்கு 32 வருடம் மின்சார ரயிலில் போய் வந்து குமாஸ்தா வேலை பார்த்தவள். பட்டுத் தெரிந்துகொண்டதை மட்டும் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு 36 வயது. நுங்கம்பாக்கத்தில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஆறு மணிக்குக் கிளம்பினால் மேற்குத் தாம்பரம் வீட்டுக்குள் நுழைய ஏழரை ஆகிறது. வரும் வழியில் பால், காய், மாமியாருக்கு பிரஷர் மாத்திரை. வந்ததும் குக்கர். ஒன்பது மணிக்குப் பையன், "அம்மா, நாளைக்கு சார்ட் பேப்பர் வேணும்" என்பான். கணவர் நல்லவர். "என்ன செய்யணும்னு சொல்லு, செய்யறேன்" என்பார், சொன்னால் செய்தும் விடுவார். இருந்தும் தினமும் யாரையாவது கத்திவிட்டுத்தான் படுக்கிறேன். என்னிடம்தான் ஏதாவது கோளாறா?
- வாசகி, மேற்குத் தாம்பரம்

பதில்: உங்களிடம் ஒரு கோளாறும் இல்லையம்மா. 'சொல்லு, செய்யறேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, எல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

1991-ல் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஜூன் மாதம். ரயில் நின்று நின்று வந்து, நான் எங்கள் தெருமுனை திரும்பும்போது மணி ஏழே முக்கால். எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறது, எங்கள் வீடு மட்டும் இருட்டு. வாசல் படியில் என் கணவர் பனை விசிறியோடு உட்கார்ந்திருக்கிறார். மடியில் மூன்று வயது மகள், தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வியர்த்துப்போய்த் தூங்குகிறாள். கரண்ட் பில் கட்டக் கடைசித் தேதி போய் நாலு நாள் ஆகியிருந்தது. மின்வாரிய ஊழியர் வந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார். அவர் செய்தது சரிதான், கட்டாமல் விட்டது நாங்கள். என்னைப் பார்த்ததும் என் கணவர் சொன்னார்: "நீ ஞாபகப்படுத்தியிருந்தா நான் கட்டியிருப்பேனே."

கோபத்தில் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார். தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் நான் கேட்டேன்: "எனக்கு யார் ஞாபகப்படுத்துவாங்க?"

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. மெழுகுவர்த்தி ஏற்றி மோர் சாதம் சாப்பிட்டோம். கை கழுவிவிட்டு வந்தவர், அடுக்களை ஆணியில் தொங்கிய கரண்ட் அட்டையை எடுத்துத் தன் ஆபீஸ் பையில் வைத்துக்கொண்டார். "இனிமே இது என்னோடது" என்றார். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் அரை நாள் லீவு போட்டுப் போய்க் கட்டினார். அன்றைக்கு என் தலையிலிருந்து இறங்கிய கரண்ட் பில், அவர் இருந்தவரைக்கும் திரும்ப ஏறவே இல்லை.

ரீடிங் எடுத்த தேதி, யூனிட், பணம் கட்டிய நாள் எல்லாவற்றையும் பீரோ கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வைப்பார். பிற்பாடு ஏசி வாங்கினோம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடுகிறது என்பதை அவரேதான் பில்லை வைத்துக்கொண்டு கண்டுபிடித்தார். ரீடிங்குக்குப் பத்து நாள் இருக்கும்போதே மீட்டரை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். நான் சொல்லி அவர் பணம் கட்டிக்கொண்டிருந்த வரைக்கும் இதெல்லாம் அவர் கண்ணில் பட்டதே கிடையாது. அவர் போய் நாலு வருடம் ஆகிறது. அந்தப் பீரோவைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கலாம் என்கிறாள் மகள். எனக்கு மனசு வரவில்லை. கதவைத் திறந்தால் அவர் கையெழுத்தில் வரிசையாக யூனிட் கணக்கு இருக்கிறது.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். உங்கள் கணவர் மனமுள்ளவர், அது பாதிக் கிணறு. அவரிடம் வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்காதீர்கள். 'வரும்போது மாத்திரை வாங்கிட்டு வாங்க' என்று சொன்னால், பட்டையில் எத்தனை மிச்சம் என்று பார்த்தது நீங்கள், சீட்டைத் தேடி எடுத்தது நீங்கள், ஐந்து மணிக்குப் போன் போட்டு நினைவூட்டியதும் நீங்கள். அவர் செய்தது கடையில் ஐந்து நிமிடம் நின்றதுதான். அதற்குப் பதிலாக, மாமியாரின் மருந்து டப்பா, டாக்டர் சீட்டு, அடுத்த செக்-அப் தேதி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அவர் கையில் கொடுங்கள். அவர் அம்மா, அவர் பார்த்துக்கொள்ளட்டும். மாத்திரை விஷயத்தில் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது என்பதால், எப்போதும் ஒரு பட்டை கூடுதலாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் முதல் நாளே பேசிவிடுங்கள். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காதீர்கள். இது கஷ்டமாகத்தான் இருக்கும். எனக்கும் முதல் இரண்டு பில் வரைக்கும் வாய் வரை வந்தது, கட்டியாச்சா என்று கேட்க. கேட்டிருந்தால் அது மறுபடி என் வேலையாகியிருக்கும்.

சார்ட் பேப்பருக்கு வழி எளிது. ஸ்டேஷனரிக் கடையில் ஒரே தடவையாக ஆறு சார்ட், இரண்டு பசை, ஒரு ஸ்கெட்ச் பேனா பெட்டி, பையனின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆதார் ஜெராக்ஸ் பத்து, எல்லாம் வாங்கி ஒரு டப்பாவில் வைத்துவிடுங்கள். கூடவே, பையன் பள்ளி டைரியைக் காட்ட வேண்டியது அப்பாவிடம், ஏழு மணிக்குள். ஏழு மணிக்குத் தெரிந்தால் கடை திறந்திருக்கும், ஒன்பது மணிக்குத் தெரிந்தால் அழுகைதான்.

இன்னொன்று. தாம்பரம் ரயிலில் உட்கார இடம் கிடைக்கிற நாளில், மகளிர் பெட்டியில் பழைய செய்தித்தாளை மடியில் விரித்து முருங்கைக்கீரை உருவுவோம், பட்டாணி உரிப்போம், பூக்கட்டுவோம். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது தினமும் பூங்கா ரயில் நிலையத்தில் ஏறும் ஒரு டெலிபோன் ஆபரேட்டர் அக்கா. கீரையை உருவி ஈரத்துணியில் சுருட்டிக் கொண்டுபோனால் வீட்டில் இருபது நிமிடம் மிச்சம் என்பார். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். ஆனால் உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். அந்த முக்கால் மணி நேரத்தில் நீங்கள் கண்ணை மூடிச் சாய்ந்துகொள்ளுங்கள். கீரையை வீட்டில் இருப்பவர்கள் உருவட்டும்.

கேள்வி: நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு இட்லி மாவு எவ்வளவு அரைப்பது? வியாழக்கிழமைக்குள் புளித்துவிடுகிறது.
- வாசகி, விழுப்புரம்

பதில்: வாரம் முழுவதற்கும் அரைக்க வேண்டாம், நாலு நாளுக்குப் போதும். இட்லி அரிசி ஆறு ஆழாக்கு, உளுந்து ஒன்றரை ஆழாக்கு, வெந்தயம் ஒரு ஸ்பூன். ஞாயிறு மதியம் ஊறவைத்து மாலையில் அரைத்தால் திங்கள் காலை பொங்கியிருக்கும். பொங்கியதும் இரண்டு பாத்திரமாகப் பிரித்துவிடுங்கள். புளிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரே பாத்திரத்தை நாளுக்கு இரண்டு தடவை வெளியே எடுத்து வைப்பதுதான். முதல் பாத்திரம் தீரும்வரை இரண்டாவது பிரிட்ஜின் பின்பக்கத்தில் அசையாமல் இருக்கட்டும். வியாழன் மிச்சத்தில் வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு ஊத்தப்பம். வெள்ளிக்கிழமை உப்புமா செய்தால் யாரும் குறைந்துவிட மாட்டார்கள்.

கேள்வி: பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். ஒன்றரை ஷிப்ட், காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் விடுவார்கள். எங்கள் லைன் வீட்டுக்கு நல்ல தண்ணி சில நாளுக்கு ஒருமுறைதான் வரும், அதுவும் பகலில். வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் வேலை, அவரும் இருக்க மாட்டார். பக்கத்து வீட்டு அம்மா பிடித்து வைக்கிறார்கள். அவர்களுக்கும் வயதாகிவிட்டது, எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஞாயிறு முழுக்கத் துவைப்பதிலும் அரைப்பதிலும் போகிறது.
- வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 12 மணி நேரம் மெஷினில் உட்கார்ந்துவிட்டு வருகிறவரிடம் 'நேரத்தைத் திட்டமிடுங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களிடம் திட்டமிட நேரமே மிச்சமில்லை. அதனால் ஓவர்டைமில் கிடைக்கும் காசில் கொஞ்சத்தை, அந்த நேரம் பறித்துக்கொண்ட வேலைக்கே செலவழியுங்கள் என்பதுதான் என் கருத்து.

தண்ணிக்கு: லைனில் நாலைந்து வீடு இருக்குமே, உங்களைப்போல பகலில் ஆள் இல்லாத வீடு இன்னும் ஒன்றிரண்டாவது இருக்கும். அவர்களிடம் பேசி எல்லோருமாகச் சேர்ந்து அந்த அம்மாவுக்குத் தண்ணி வரும் நாளுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடுங்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் முதலில் அந்தக் கணக்கை முடியுங்கள். 'நமக்குள்ள என்ன காசு' என்று அவர்கள் மறுக்கலாம். வற்புறுத்திக் கொடுங்கள். உதவி என்று இருந்தால் உங்களுக்குக் கூச்சம், அவர்களுக்குச் சலிப்பு. கூலி என்று ஆனால் இரண்டு பேருக்கும் நிம்மதி. அவர்கள் குடத்தைத் தூக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குழாயிலிருந்து டியூப் போட்டு வாசலில் உள்ள டிரம்மில் விட்டு, நிரம்பியதும் மூடினால் போதும். இரவு வந்து நீங்களோ வீட்டுக்காரரோ குடத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

ஞாயிறு மாவுக்கு, தெருவில் அரைத்து விற்பவர்களிடம் வாங்குங்கள். வீட்டு மாவு அளவுக்கு இருக்காது என்று தெரியும். இருந்தாலும் வாங்குங்கள். துணியை ஞாயிற்றுக்கிழமை வரை சேர்க்காமல், அவரவர் உள்ளாடையையும் பனியனையும் அவரவர் குளிக்கும்போது அலசிவிட வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள், வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான். ஞாயிறு மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை படுத்துத் தூங்குங்கள். அந்த நேரத்தில் யார் வந்தாலும் எழுந்திருக்காதீர்கள்.

கேள்வி: என் மனைவி நர்ஸ். மாலை ஷிப்ட் வரும் வாரங்களில் நான்தான் சமையல், பிள்ளைகளுக்கு ஹோம்வொர்க், பாத்திரம் எல்லாம். தினமும் இரண்டு மணி நேரம் மனைவிக்கு உதவி செய்கிறேன். என் அக்கா வந்தால் 'ஆம்பிளைய இப்படி ஆக்கிட்டாளே' என்கிறாள். மனைவியோ இரவு பத்தரைக்கு வந்து, நான் கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவுகிறாள். அதுதான் ரொம்ப வலிக்கிறது.
- வாசகர், மதுரை

பதில்: தம்பி, முதலில் 'உதவி' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டு அடுப்பில், உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் சமைக்கிறீர்கள், அது உங்கள் வேலை. நீங்கள் அப்படிப் பேச ஆரம்பித்தால் அக்காவுக்கும் பேச்சு குறையும்.

மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. 2019-ல் எடுத்தபோது, சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024-ல் பெண்கள் 289, ஆண்கள் 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது, ஆனால் அதை ஆண்கள் வாங்கிக்கொள்ளவில்லை. அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. அதுவும் வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி. தொடவே தொடாதவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. நீங்கள் 120 நிமிடம் நிற்கிறீர்கள். அக்காவிடம் இந்த எண்ணைச் சொல்ல வேண்டாம், நீங்கள் தெரிந்துகொண்டால் போதும்.

பாத்திரத்துக்கு வருகிறேன். அவர் மறுபடி கழுவுவது எல்லாப் பாத்திரத்தையுமா, சிலவற்றை மட்டுமா? கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் டம்ளர், காபி டபரா, பால் பாத்திரம் இவற்றில்தான் போய் நிற்கும். முட்டை உடைத்த கிண்ணத்தையும் மீன் வறுத்த சட்டியையும் தேய்த்த அதே நாரால் டம்ளரைத் தேய்த்தால் கவிச்சி ஏறிக்கொள்ளும். வெந்நீர் ஊற்றிக் குடிக்கும்போது மூக்குக்கு நேராக அடிக்கும். இரவு பத்தரைக்கு வந்து முதல் வாய்த் தண்ணியில் அந்த வாடை வந்தால் யாருக்கும் தாங்காது. கவிச்சிக்குத் தனி நார், தனிச் சோப்பு வையுங்கள். டம்ளர்களை முதலில் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அசைவப் பாத்திரத்தைக் கடைசியில் எடுங்கள். தொட்டியையும் கொஞ்சம் புளி போட்டுத் தேய்த்துவிடுங்கள். அதற்குப் பிறகும் கழுவினால், நல்ல நேரம் பார்த்து, "எது சரியில்ல, காட்டு" என்று கேளுங்கள். கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லை. நீங்கள் சேர்ந்த முதல் மாதம் ஆபீஸில் கேட்டிருப்பீர்கள் அல்லவா?

கேள்வி: ஆபீஸ் விட்டு காந்தி மார்க்கெட் போய்க் காய் வாங்கி வீடு சேர எட்டரை ஆகிறது. ஆட்டோவுக்குக் கட்டுப்படியாகவில்லை.
- வாசகி, திருச்சி

பதில்: தினமும் மார்க்கெட் வேண்டாம். வாரத்தில் ஒரே நாள் போங்கள், மழை பெய்தாலும் வெயிலடித்தாலும் அதே நாள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை என்பதால், வழியில் இறங்கி ஏறுவதற்கு யோசிக்க வேண்டியதில்லை. எங்கள் காலத்தில் நடுவில் இறங்கினால் இரண்டு டிக்கெட் ஆகுமே என்று பயந்தே, பஸ் ஜன்னல் வழியாக மலிவான தக்காளியைப் பார்த்துக்கொண்டே போவோம். மிச்ச நாளுக்கு, நீங்கள் ஏறி இறங்கும் நிறுத்தத்தில் தள்ளுவண்டி நிற்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூட இருந்தாலும் கொடுக்கலாம், ஒரு மணி நேரம் மிச்சமாகிறது.

கேள்வி: அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், 78 வயது. வருடா வருடம் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க அவரைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போக ஒரு நாள் லீவு போடுகிறேன். நான் வீட்டில் இருக்கிற சனிக்கிழமை பார்த்து வங்கிக்கும் விடுமுறையாக அமைந்துவிடுகிறது.
- வாசகி, கோவை

பதில்: இனி லீவு போட வேண்டாம். தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை வாங்கிச் சான்றை அனுப்பிவிடுவார், கட்டணம் 70 ரூபாய். பக்கத்துத் தபால் நிலையத்தில் சொல்லி வையுங்கள். ஆதார், பென்ஷன் புத்தகத்தில் உள்ள பிபிஓ எண், வங்கிக் கணக்கு எண், மொபைல், இவை நாலும் தயாராக இருக்கட்டும். வயதானவர்களுக்குக் கைரேகை தேய்ந்து மெஷினில் விழாமல் போகலாம். அப்படியானால் உங்கள் போனிலேயே ஜீவன் பிரமாண் ஆப் மூலம் அவர் முகத்தைப் படம் பிடித்து அனுப்ப வழி இருக்கிறது. ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் உட்கார வைத்து எடுங்கள். 80 முடிந்துவிட்டால் அக்டோபரிலேயே கொடுக்கலாம், நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு 68 வயது. மருமகள் தனியார் பள்ளியில் டீச்சர். மாலை ஐந்தரைக்கு வருகிறாள். வந்ததும் நேராக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் போனோடு படுத்துவிடுகிறாள். அதுவரை மூன்று வயதுப் பேரனை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். முழங்கால் வலி எனக்கு. அப்புறம் எழுந்து வந்து எல்லா வேலையும் செய்கிறாள், அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்த அரை மணி நேரத்தைப் பற்றிக் கேட்கலாமா, வேண்டாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கேட்க வேண்டாம் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் வேலைக்குப் போன காலத்தில், வீட்டுக்குள் செருப்பைக் கழற்றியதிலிருந்து படுக்கும்வரை எனக்கென்று ஒரு நிமிடம் இருந்தது கிடையாது. என் மாமியார் தங்கமானவர். இருந்தும் வந்தவுடன் உட்கார எனக்கே ஒரு மாதிரி இருக்கும். அதனால் பல நாள் குரோம்பேட்டையில் இறங்கியதும் உடனே வீட்டுக்குப் போக மாட்டேன். பிளாட்பாரத்துக் கடைசி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து அடுத்த ரயில் வந்து போகும்வரை சும்மா இருப்பேன். பத்து நிமிடம் இருக்கும். அப்புறம் எழுந்து காய் வாங்கிக்கொண்டு போவேன். ரயில் லேட் என்று வீட்டில் சொல்வேன். என் கணவரிடம்கூட இதைச் சொன்னதில்லை, இப்போதுதான் எழுதுகிறேன். நாள் முழுக்க நாற்பது பிள்ளைகளோடு கத்திவிட்டு வருகிற உங்கள் மருமகள், பெஞ்சைத் தேடாமல் உங்கள் வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொள்கிறாள் என்றால், அந்த வீடு அவளுக்கு அந்த அளவுக்குத் தன் வீடாக இருக்கிறது. அதில் உங்கள் பங்கு பெரியது.

ஆனால் உங்கள் முழங்கால் வலியும் பொய் இல்லையே. மூன்று வயதுப் பிள்ளையின் பின்னால் ஓடுவது சின்ன வேலையா? கடிதத்தில் உங்கள் மகனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் எத்தனை மணிக்கு வருகிறார்? ஆறு மணிக்குள் வருகிறவரானால், வந்ததும் பேரனைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை ஒரு நடை போய் வரச் சொல்லுங்கள். தினமும், அவருடைய வேலையாக. பிந்தி வருகிறவரானால் காலையில் உங்கள் பங்கிலிருந்து ஒன்றை அவர் எடுத்துக்கொள்ளட்டும், பேரனைக் குளிப்பாட்டுவதோ தண்ணீர் பிடித்து வைப்பதோ. வலியை அவரிடம் நேராகச் சொல்லுங்கள். மருமகள் வழியாகத் தெரியட்டும் என்று விடாதீர்கள்.

நாளை மருமகள் கதவைத் திறந்து வெளியே வரும்போது நீங்களும் கால் நீட்டி உட்கார்ந்திருங்கள். "காலுக்குத் தைலம் தேய்க்கணும், வர்றியா" என்று கேளுங்கள். அவள் வருவாள்.